வெள்ளச் சேதி: தமிழ்நாட்டில் வெள்ள எச்சரிக்கை வளர்ந்த வரலாறு

தமிழ்நாட்டு ஆறுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பவை. மீதிச் சில வாரங்களில்தான் அவை ஆறு என்ற பெயருக்கு உரிமை கொண்டாடும். வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடுகள் இங்கே வளர்ந்த விதத்தை இந்தக் குணமே பெரிதும் தீர்மானித்தது. ஆண்டு தவறாமல் பெருகும் ஆற்றின் கரையில் வாழ்பவருக்கு ஆறே நினைவூட்டிக்கொண்டிருக்கும். அடையாற்றங்கரைக்காரருக்கோ ஒரு பெருவெள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு தலைமுறையே மாறிவிடலாம்.

கையில் கிடைக்கும் அவகாசமும் ஆற்றுக்கு ஆறு வேறுபடும். காவிரியில் வெள்ளம் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் வருகிறது. கிருஷ்ணராஜசாகர், கபினி, பிலிகுண்டுலு, ஒகேனக்கல், மேட்டூர் என்று படிப்படியாக இறங்கி வருவதால், டெல்டாவில் இருப்பவருக்குச் சேதி நாள்கணக்கில் முந்திக் கிடைக்கும். வடகிழக்குப் பருவத்தில் பெருகும் ஆறுகளில் அந்த வசதி இல்லை. அடையாற்றின் நீளமே ஏறத்தாழ 42 கிலோமீட்டர்தான். தாம்பரத்தில் இரவு கொட்டிய மழை விடிவதற்குள் கோட்டூர்புரத்துக்கு வந்துவிடும். அணையில் அளக்கும் எண்ணை வைத்து எச்சரிக்கும் முறை காவிரிக்குப் பொருந்தியது. அதையே அடையாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் பொருத்தியபோதுதான் தொல்லைகள் வந்தன.

ஆறுகளுக்கு முன்பே ஏரிகளில் இந்தக் காவல் தொடங்கிவிட்டது. வடதமிழ்நாட்டு ஏரிகள் ஒன்றோடொன்று கோத்தவை. மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே இறங்கி, வாய்க்கால் பிடித்து, கீழ் ஏரிக்குப் போகும். செங்கல்பட்டுப் பக்கம் ‘ஏரி கோடி போகிறது’ என்பார்கள். நெல்லைச் சீமையில் ‘குளம் மறுகால் பாய்கிறது’ என்பார்கள். கோடி போவது நல்ல சேதி. கரை உடைப்பெடுப்பது கெட்ட சேதி. மேல் ஏரி ஒன்று உடைந்தால் அதன் முழுத் தண்ணீரும் ஒரே மூச்சில் கீழ் ஏரியின் மேல் வந்து விழும். அதுவும் உடையும், அடுத்ததும் உடையும். ஆகவே ஓர் ஊரின் ஏரிக்கரையைக் காப்பது கீழே உள்ள பல ஊர்களின் பாதுகாப்பாகவும் இருந்தது.

கரை உடைவது பெரும்பாலும் இரண்டு விதங்களில். மழை மிகுந்து நீர் கரையின் தலைக்கு மேல் வழிந்து மண்ணை அரிப்பது ஒன்று. நண்டு வளை, எலிப் பொந்து, பட்டுப்போன மரத்தின் வேர்த்தடம் ஆகியவற்றின் வழியே கசிவு தொடங்கி, கலங்கிய நீராகி, பிறகு பிளவாகப் பெருகுவது இன்னொன்று. இரண்டாவதை, ஆள் கரையில் நடந்து பார்த்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி அல்லது மடையர் என்னும் ஊர்ப்பணியாளர், மழைக்காலத்தில் கரைக்காவலராகவும் இருந்தார். கையில் மண்வெட்டி, தலையில் கொங்காணி, அரிக்கேன் விளக்கு என்று இரவில் கரையை நடந்து பார்ப்பதும், ஆபத்து என்றால் ஊரைக் குரல் கொடுத்து எழுப்புவதும் அவர் வேலை. உடைப்பை அடைக்க வைக்கோல், தென்னங்கீற்று, சவுக்குக் கம்பு, மண் நிரப்பிய சாக்கு ஆகியவை கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எச்சரிக்கையும் முன்னேற்பாடும் அப்போது ஒரே ஆளின் பொறுப்பில், ஒரே கரையில் இருந்தன.

ஊர் நிர்வாகத்திலும் இதற்கு இடம் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அந்தச் சபை தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. தூர் வாருவது, கரையை உயர்த்துவது, மதகைச் செப்பனிடுவது போன்ற வேலைகளை நடத்துவது இத்தகைய அமைப்புகளின் கடமை. பின்னாளில் குடிமராமத்து என்ற பெயரில் இந்த வழக்கம் தொடர்ந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையைப் பலப்படுத்துவது அதன் அடிப்படை. மதுரையில் ஆவணி மாதம் நடக்கும் பிட்டுத் திருவிழாவின் கதையும் இந்த வழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. வையை பெருகிக் கரை உடைய, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்கு கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சிவன் கூலியாளாக வந்து, பிட்டு வாங்கித் தின்று, மண் சுமக்காமல் விளையாடிப் பிரம்படி படுகிறான். பக்திக் கதைதான். ஆனாலும் ஆற்றங்கரையை அளந்து வீடுவீடாகப் பங்கு பிரித்துத் தரும் நடைமுறை பழக்கத்தில் இல்லாத நாட்டில் இப்படி ஒரு கதை பிறந்திருக்காது.

மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையும் இந்த வகையைச் சேர்ந்தது. 1790களில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்து ஏரி மழைக்கு மழை உடைந்துகொண்டிருந்தது. இந்த முறை கரை தாங்கினால் தாயார் சந்நிதி கட்டித் தருவதாக அவர் வாக்களித்தார் என்றும், பெருமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவருக்கு வில்லேந்திய இரு வீரர்கள் காவல் நிற்பது தெரிந்தது என்றும் கோயில் மரபு சொல்கிறது. அற்புதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், வரிவசூல் அதிகாரியே மழை இரவில் ஏரிக்கரைக்கு நடந்து போயிருக்கிறார் என்பது கதையில் மிஞ்சுகிறது. ஏரி உடைந்தால் அந்த ஆண்டு வரி கிடையாது.

கும்பினி ஆட்சி குடிமராமத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றது. பிற்காலத்தில் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று பெயர் பெற்ற 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், வெள்ளத்தால் வரும் கேட்டைத் தடுக்கவே இயற்றப்பட்டது. ஏரியோ ஆற்றுக்கரையோ உடையும் நிலை வந்தால், பொறுப்பிலுள்ள அதிகாரி சுற்றுவட்டார ஊர்த் தலைவர்களிடம் ஆள் கேட்கலாம். மரம், மூங்கில், வைக்கோல் போன்ற பொருள்களையும் கேட்கலாம். மறுத்தால் தண்டனை. உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த திடமான ஆண்களைத்தான் சட்டம் குறிவைத்தது. நிலம் உடையவர் தப்பித்துக்கொள்ள, வெள்ளத்தில் இறங்கி மண் சுமப்பது நிலமில்லாதவர் தலையில் விழுந்தது. பழைய வழக்கத்திலும் இந்த ஏற்றத்தாழ்வு இருந்திருக்கும். சட்டம் அதை எழுத்தில் வைத்தது.

சேதி போகும் பாதையிலும் அதே ஏற்றத்தாழ்வுதான். கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு, அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, பிறகு ஊர் மணியக்காரருக்கும் கர்ணத்துக்கும், கடைசியாகத் தலையாரிக்கும் வெட்டியானுக்கும் சேதி இறங்கும். தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுச் சொல்பவர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஊர்ப்பணியாளர். முச்சந்தியில் பறையை அடித்து நிறுத்தி, ‘ஆற்றில் தண்ணீர் வருகிறது, மாடு கன்றை ஓட்டிக்கொள்ளுங்கள், படுகையில் இருப்பவர்கள் மேட்டுக்கு ஏறுங்கள்’ என்று கூவுவார். ஊர் முழுக்கச் சேதி சொன்ன அவரது குடிசையோ பல ஊர்களில் தாழ்ந்த நிலத்தில், தண்ணீர் முதலில் புகும் சேரியில் இருந்தது. ஆனாலும் ஒரு சேதிக்கருவி என்ற வகையில் தண்டோராவின் பலத்தை மறுக்க முடியாது. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். தூங்குபவரை எழுப்பும். சொல்பவர் தெரிந்த முகம் என்பதால் சந்தேகம் வராது. எந்தத் தெரு, எந்தப் படுகை, எவ்வளவு நேரத்துக்குள் என்ற விவரமும் ஊர்ப் பேச்சிலேயே கிடைத்துவிடும். பிற்காலத்தில் வந்த கருவிகள் பல, வேகத்தில் இதை மிஞ்சினாலும் இந்த விவரத்தில் மிஞ்சவில்லை.

காவிரிக் கரையில் ‘பெரிய வெள்ளம்’ என்றால் நெடுங்காலம் 1924 ஜூலைதான். அதே மழை கேரளத்தில் மூணாற்றுச் சிறு ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் அங்கே அது ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’. காவிரியிலும் பவானியிலும் ஒருசேர நீர் பெருகிக் கொள்ளிடக் கரைகளை உடைத்தது. மேட்டூரில் அணை கட்டும் வேலை 1925-இல் தொடங்கியபோது இந்த வெள்ளத்தின் அளவு பொறியாளர்களின் கண்முன் இருந்தது. உபரிநீர்ப் போக்கியின் திறன் அதற்கேற்பப் பெருக்கப்பட்டது. அதை வடிவமைத்த கர்னல் எல்லிஸின் பெயராலேயே இன்றும் அந்தப் பதினாறு கண் மதகு அறியப்படுகிறது. 1934 ஆகஸ்ட் 21 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டேன்லி அணையைத் திறந்துவைத்தார்.

மேட்டூர் அணை வெள்ளத்தைத் தடுத்தது என்பதைவிட, வெள்ளத்துக்கு ஓர் அளவுகோலைத் தந்தது என்று சொல்வது பொருந்தும். அணை 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 118, 119 என்று ஏறும்போதே ஆற்றோரத்து மக்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் வருமா என்று பார்த்த அதே எண், கரையைத் தாண்டுமா என்று பார்க்கவும் உதவியது. இன்றுவரை தமிழ் நாளிதழ்களில் மேட்டூர் நீர்மட்டம் நாள்தோறும் வருகிறது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து உயர்ந்தால் முதலில் அருவியில் குளிக்கத் தடை, பிறகு பரிசல் ஓட்டத் தடை. அந்த இரண்டு செய்திகளைப் படித்ததும் திருச்சிக்காரருக்கு அடுத்து என்ன என்று தெரிந்துவிடும்.

அணையின் மறுபக்கம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் பெருகிய ஆறு, பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகுவதாக மாறியதும், ஆற்றுக்குள்ளேயே குடியிருப்புகள் வளர்ந்தன. கொள்ளிடம் கடலில் சேரும் பகுதியில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்கள் ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே இருக்கின்றன. பெயரே படுகை, திட்டு. 2018-இலும் 2022-இலும் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடி அளவுக்கு நீர் இறங்கியபோது இந்த ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. எச்சரிக்கை வந்து சேர நாள்கணக்கில் அவகாசம் இருந்ததால் மக்கள் வெளியேறினார்கள். வாழையும் காய்கறியும் வெளியேற முடியாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. நீர்மட்ட எண்கள் தண்ணீரைப் பற்றிச் சொன்னன. பழைய கட்டுமானத்தின் களைப்பை அவை சொல்லவில்லை.

கடற்கரையில் எச்சரிக்கை வேறு உருவம் எடுத்தது. 1864-இல் கல்கத்தாவைப் புயல் தாக்கியதும், அடுத்தடுத்து மழை பொய்த்ததும் 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றக் காரணங்கள். துறைமுகங்களில் கப்பல்களுக்காகக் குறியீடுகளை ஏற்றும் வழக்கம் பரவியது. பகலில் உருளையும் கூம்பும், இரவில் விளக்குகள். தமிழில் இதற்குப் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு’ என்று பெயர் நிலைத்துவிட்டது. நாகையிலும் கடலூரிலும் பாம்பனிலும் ‘மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாச்சு’ என்றால் சிறுவர்களுக்கும் பொருள் தெரியும். 1, 2 தொலைவில் உள்ள புயல். 3, 4 துறைமுகத்தை நெருங்கும் மோசமான வானிலை. 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பேராபத்து. 11-ஆம் எண் விசித்திரமானது. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். எச்சரிக்கை வராமல் போவதையே ஓர் எச்சரிக்கையாக அறிவிக்கலாம் என்று இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள். நிலத்தில் வந்த பிற்கால முறைகள் எதிலும் இப்படி ஒரு எண் இல்லாதது குறைதான்.

வானொலி வந்தபின் கூண்டின் சேதி வீட்டுக்குள் நுழைந்தது. சென்னை வானொலி நிலையம் 1938-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. மீனவர்களுக்கான வானிலை அறிக்கை கடற்கரைக் குப்பங்களில் அன்றாடம் கேட்கப்பட்டது. ஆனால் வானொலி, கேட்பவர் திருப்பி வைத்திருந்தால்தான் பேசும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. 1977 நவம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு புயல்கள்: முதலாவது 12-ஆம் தேதி நாகை அருகே கரையேறித் திருச்சி வரை வெள்ளத்தில் மூழ்கடித்தது, இரண்டாவது 19-ஆம் தேதி ஆந்திரத்தில் திவிசீமையை அழித்தது. 1980களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியே கடலோர ஊர்களில் உள்ள கருவிகளுக்கு நேரடியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறை வந்தது, இந்த அடிகளுக்குப் பிறகுதான்.

இதே காலத்தில் ஊரளவில் ஒரு மாற்றம் நடந்தது. வெள்ளத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக யாரும் அப்போது எண்ணவில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறையை ஒழித்தது. கர்ணமும் மணியக்காரரும் போய், தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். சாதி ஆதிக்கத்தை உடைக்க அது தேவையான நடவடிக்கை. எச்சரிக்கைச் சங்கிலியைப் பொறுத்தவரை ஒரு விளைவு உண்டு: புதிய அலுவலர் வேறு ஊர்க்காரராக இருக்கலாம், மழை இரவில் ஊரில் இல்லாமலும் போகலாம். ஏரிகள் பொதுப்பணித் துறையின் லஸ்கர் என்னும் ஊழியர்கள் கைக்குப் போனதும், ஆழ்குழாய்க் கிணறு பெருகி ஏரித் தண்ணீரின் மதிப்பு குறைந்ததும் சேர்ந்து, நீர்க்கட்டியின் இரவுக்காவல் மெல்ல மங்கியது. தண்டோரா மட்டும் நிலைத்திருந்தது. 1992 நவம்பரில் பாபநாசம், சேர்வலாறு அணைகளிலிருந்து வந்த பெருவெள்ளம் தாமிரபரணிக் கரையூர்களைச் சூறையாடியபோது, அணையில் திறந்த நீரின் அளவுக்கும் கரையூர்களுக்கு அது சொல்லப்பட்ட விதத்துக்கும் உள்ள தூரம் தெளிவாகத் தெரிந்தது.

ஊர்க்காரர்களே சேதியை இழுத்துக்கொள்ளும் முயற்சி புதுச்சேரிக் கடற்கரையில் தொடங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே ஊர்த் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் மையத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். மீனவர்களுக்குத் தினமும் பயன்பட்ட சேதி என்பதால் ஒலிபெருக்கி பழுதில்லாமல் இருந்தது, கேட்கும் பழக்கமும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தபோது நல்லவாடு ஊரில் அந்த முன்னேற்பாடு உயிர் காத்தது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, தகவல் மையத்தின் பூட்டை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. இந்தியாவுக்கென்று ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் இயங்கத் தொடங்கியது 2007-இல்.

சென்னையின் கதை இதற்கு நேர்மாறு. 1943, 1976, 1985, 2005 என்று அடையாறும் கூவமும் பெருகியதை நகரம் பார்த்திருக்கிறது. 1976-இல் கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளுக்குள் ஆறு ஏறியது. ஆனால் நகரம் வளர்ந்த வேகத்தில், முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி போன்ற இடங்களில் குடியேறியவர்களில் பலருக்குத் தம் மனை எந்த ஏரியின் கலங்கல் வழியில் இருக்கிறது என்றே தெரியாது. சொல்லித் தர ஊர்ப்பெரியவர் இல்லை. ஏரிக்கரையில் காவல் நடப்பவர் யார் என்றும் தெரியாது. செம்பரம்பாக்கம் குடிநீர் தரும் ஏரி என்றுதான் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

2015 நவம்பர் முழுவதும் மழை. டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறப்பு படிப்படியாக உயர்த்தப்பட்டு, அன்று வினாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அடையாற்றில் ஓடியதெல்லாம் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அல்ல. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்ததும் உடைந்ததும் ஆற்றில் சேர்ந்தன, அவற்றை அளக்கக் கருவி எதுவும் இல்லை. நள்ளிரவுக்குப் பின் ஆறு ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளின் முதல் மாடியைத் தொட்டது. மின்சாரம் நின்றது, கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. விமான நிலையம் மூடப்பட்டது. டிசம்பர் 2 அன்று ‘தி இந்து’ சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை; 1878-இல் தொடங்கிய நாளிதழுக்கு அது முதல் முறை.

பிறகு எழுந்த சர்ச்சையின் மையம் ஒரு வாக்கியம்தான். எச்சரிக்கை முறைப்படி விடுக்கப்பட்டது என்றது அரசு. எங்கள் காதில் விழவில்லை என்றார்கள் கரையோர மக்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ‘உபரிநீர் திறக்கப்படுவதால் கரையோரம், தாழ்வான பகுதிகளில் வசிக்கும் மக்கள் பாதுகாப்பாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற வகை அறிவிப்பில் எந்தத் தெரு, எத்தனை அடி, எத்தனை மணிக்கு என்பது இல்லை. வினாடிக்கு ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர் என்று தெரிந்தவருக்கும், 29,000 கன அடி தன் வாசற்படியில் எவ்வளவு உயரம் என்று சொல்லத் தெரியாது. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டது. அந்த இரவுகளில் சேதி பரிமாற்றம் நடந்த இடம் சமூக ஊடகம். எங்கே படகு, எங்கே சோறு, எந்த மாடியில் யார் சிக்கியிருக்கிறார்கள் என்ற பட்டியல்களைத் தன்னார்வலர்கள் தயாரித்துப் பகிர்ந்தார்கள். தொலைக்காட்சியில் வானிலை மைய அதிகாரி ரமணனின் அறிக்கையைப் பள்ளி விடுமுறைக்காகக் கேட்டுக்கொண்டிருந்த நகரம், அதன்பின் தனியார் வானிலைப் பதிவர்களையும் இரவு கண்விழித்துப் பின்தொடரத் தொடங்கியது.

2015-க்குப் பிந்திய பத்தாண்டில் கருவிகள் குவிந்தன. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் சென்னைக்கென்று வெள்ளக் கணிப்பு முறை ஒன்றை 2019-இல் உருவாக்கியது. மழை, ஓதம், ஆற்று நீர் மூன்றையும் சேர்த்து எந்த வார்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று வரைபடமாகக் காட்டுவது அதன் வேலை. மாநிலம் முழுவதும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவை என்று அடையாளம் காணப்பட்டு, மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு எனத் தரம் பிரிக்கப்பட்டன. அங்கே வசிப்பவர்களிலிருந்தே ‘முதல்நிலை மீட்பாளர்கள்’ பதிவு செய்யப்பட்டுப் பயிற்சி பெற்றார்கள். கால்நடையைக் காக்கவும் பாம்பு பிடிக்கவும் மரம் அறுக்கவும் தனித்தனி ஆள்களின் பெயரும் எண்ணும் அந்தப் பட்டியலில் உண்டு. நீர்க்கட்டிக்கும் தலையாரிக்கும் பின் ஏற்பட்ட வெற்றிடத்தை அரசு முறையாக நிரப்ப முயன்றது என்றால் அது இந்த ஏற்பாடுதான்.

தண்டோராவின் முடிவும் இந்தக் காலத்தில் வந்தது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தில், தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தடை விதித்து, வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னார். ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட இழிவு என்ற காரணத்தால் அது முடிந்தது. அந்தக் காரணம் நியாயமானது.

நிறங்களின் மொழியும் மக்களிடம் சேர்ந்தது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. 2018 அக்டோபர் 7-ஆம் தேதிக்கு விடுத்த ‘ரெட் அலர்ட்’ மாநிலத்தையே கடைகளின் முன் வரிசையில் நிற்க வைத்தது. பெரிய மழை வரவில்லை, கேலிப் படங்கள்தான் வந்தன. ஆனால் நிறத்தின் உண்மையான குறை அதுவல்ல. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யக்கூடியது எல்லாம் அதிகனமழை, எல்லாம் சிவப்பு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. 21-க்கும் 95-க்கும் ஒரே நிறம். தாமிரபரணி ஊர்களுக்குள் பாய்ந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப்போய்ச் செந்தூர் விரைவு ரயிலில் எண்ணூறு பயணிகள் சிக்கினார்கள்.

கைப்பேசி எச்சரிக்கையில் இரண்டு வழிகள் இப்போது சேர்ந்து ஓடுகின்றன. ஒன்று, விருப்பமுள்ளவர் செயலியைப் பதிவிறக்கித் தம் இருப்பிடத்தைத் தருவது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் டிஎன் ஸ்மார்ட் செயலியும், 2024-இல் வந்த டிஎன் அலர்ட் செயலியும் மழைக்கணிப்பு, பெய்த அளவு, அணை நீர்மட்டம் ஆகியவற்றைத் தமிழில் தருகின்றன. பதிவு செய்தவர் தம் ஊருக்கான சேதியைப் பெறுவார். பதிவு செய்யாதவர், அதாவது முதியவர், வெளிமாநிலக் கூலித் தொழிலாளி, சாதாரணக் கைப்பேசி வைத்திருப்பவர், பெறமாட்டார். இன்னொன்று, ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளையும் ஒரே நேரத்தில் அலற வைக்கும் ஒலிபரப்பு. இதற்குப் பதிவே வேண்டாம். 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் இதைச் சோதித்தார்கள். அலுவலகங்களிலும் பேருந்துகளிலும் ஒருசேர எழுந்த அந்த ஓசையில் பலர் பதறினார்கள். தண்டோராவுக்கு நெருங்கிய உறவு இந்த இரண்டாவது வழிதான். இருந்தாலும் மின்சாரம் போன மூன்றாம் நாள் கோபுரத்துக்கும் மின்கலம் தீரும், கைப்பேசிக்கும் தீரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. கரையேறிய பிறகும் நகராமல் நின்று கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. சாத்தனூர் அணைக்கு வந்த நீரைத் தேக்க முடியாமல், டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. தென்பெண்ணை விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையைத் தாண்டி ஊர்களுக்குள் புகுந்தது. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தபிறகே திறந்தோம் என்று அரசு விளக்கியது. தூங்கும் நேரத்தில் திறந்தார்கள், சொல்லவில்லை என்றன எதிர்க்கட்சிகளும் கரையூர்களும். ஒன்பது ஆண்டுக்கு முன் அடையாற்றில் கேட்ட அதே வழக்கு, அதே இரு தரப்பு வாதம். இடைப்பட்ட காலத்தில் கணிப்பு எவ்வளவோ முன்னேறியிருந்தது. அதிகாலையில் ஒரு தெருவை எழுப்பும் ஆள் யார் என்பதற்கு மட்டும் ஊருக்கு ஊர் வேறு விடை.

ஆண்டுதோறும் செப்டம்பரில் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 என்ற எண்கள் அறிவிக்கப்படுகின்றன. நிவாரண முகாம் ஆகும் பள்ளிகளின் சாவி யாரிடம், படகு எத்தனை, மணல் மூட்டை எங்கே அடுக்குவது, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று வட்டம் வட்டமாகப் பார்க்கிறார்கள். முதல்நிலை மீட்பாளர் பட்டியலில் ஊரைவிட்டுப் போனவர்கள், எண் மாற்றியவர்கள், இறந்தவர்கள் ஆகியோரின் பெயர்களை நீக்கிப் புதியவர்களைச் சேர்ப்பதும் அந்த வேலைகளில் ஒன்று.